ஃபாதே பெலாஜி

எங்கள் பன்னிரண்டாம் கிலோமீட்டர் லாரி ஸ்டாண்டில் பெலாஜி அக்காவுக்கு வேலை உட்காருவதுதான். கேட்க சுகமாக இருக்கும். ஒரு வாரம் உட்கார்ந்து பார்த்தால் இடுப்பு சொல்லும், அது என்ன வேலை என்று.

எங்கள் பாங்கி நகரத்தில் பிறந்த எவனும் காலி லாரியில் முதல் ஆளாக ஏற மாட்டான். நிறைந்தால்தான் வண்டி கிளம்பும், அதுவரை வெயிலில் காய வேண்டும் என்பது அவனுக்குத் தெரியும். பாதி நிறைந்த வண்டியாகப் பார்த்துத்தான் காசை எடுப்பான். அந்தப் பாதியை நிறைக்கத்தான் பெலாஜி அக்கா மாதிரி ஆட்கள். மடியில் மூட்டை, முகத்தில் ஊருக்குப் போகிற களை, அவ்வளவுதான் முதலீடு. மூட்டைக்குள் மக்காச்சோளத் தோல் திணித்திருக்கும். நிஜப் பயணிகள் சேரச் சேர இவர்கள் தண்ணீர் வாங்க, ஒதுங்க என்று ஒவ்வொருவராக நழுவுவார்கள். வண்டி நிறைந்ததும் ஒடிலோன் பின்பலகையில் இரண்டு தட்டு தட்டுவான். டிரைவருக்கு அது கிளம்பு என்று அர்த்தம். உட்கார்ந்திருக்கும் மிச்சசொச்சப் போலிகளுக்கு இறங்கு என்று அர்த்தம்.

ஒடிலோன் ஸ்டாண்டில் ஆள் பிடித்து ஏற்றுகிறவன். வாய் மட்டும் இல்லையென்றால் அவனை நாய் தூக்கிக்கொண்டு போயிருக்கும். நான் அவனுக்கு எதிரே எண்ணெய்ச் சட்டி வைத்து மாவு உருண்டை பொரித்துப் பால் காப்பியோடு விற்கிறவள், ஒனோரின். என் வாயும் ஒன்றும் குறைச்சல் இல்லை. எதிரும் புதிருமாக இருந்தே இரண்டு பேரும் பிழைத்துவிட்டோம்.

எப்போது கிளம்பும் என்று யார் கேட்டாலும் பெலாஜி அக்கா "ஃபாதே" என்பாள். ஃபாதே கிளம்பும், ஃபாதே நிறையும், ஃபாதே டிரைவர் வருவார். எங்கள் சாங்கோ மொழியில் நடக்கப்போவதைச் சொல்ல இந்தச் சொல்லை முன்னால் வைத்துக்கொண்டு ஆரம்பிப்பது வழக்கம். இதோ ஆகிவிடும், சந்தேகமில்லை என்று கேட்பவர் காதில் விழும். என்றைக்கோ ஒருநாள், கடவுள் மனது வைத்தால், என்று சொல்ல 'அந்தே' என்று வேறு சொல் இருக்கிறது. ஸ்டாண்டில் அந்தே சொன்னால் எவன் காசு கொடுப்பான்? அதனால் எங்கள் பக்கம் எல்லாமே ஃபாதேதான். அவள் பேரே ஃபாதே பெலாஜி ஆகிவிட்டது.

ஆனால் அவள் இங்கே உட்காருவதற்கென்று வந்தவள் இல்லை. போவதற்கு வந்தவள். அதைச் சொல்லாமல் அவள் கதையைச் சொல்ல முடியாது.

அவளுக்கு ஒரே மகள், எஸ்தெல். கல்யாணம் ஆகி பம்பாரிக்குப் போய்விட்டாள். மாப்பிள்ளை அங்கே சைக்கிள் பழுது பார்க்கிறான். எஸ்தெல் முதல் குழந்தை உண்டானபோது பெலாஜி அக்கா நிஜ மூட்டையோடு, நிஜ டிக்கெட்டோடு இந்த ஸ்டாண்டில் வந்து உட்கார்ந்தாள். போகிற வழியில் சிபூ ஊருக்கு அப்பால் துப்பாக்கிக்காரர்கள் சாலையை மறித்துவிட்டார்கள். இன்றைக்குத் திறக்கும், நாளைக்குத் திறக்கும் என்றார்கள். வீட்டுக்குத் திரும்பிப் போகவும் மனசில்லாமல் அவள் இங்கேயே கிடந்தாள். ஒடிலோன் பார்த்தான். "சும்மாதானே உக்காந்திருக்கீங்க, அந்த வண்டியில ஏறி உக்காருங்க அக்கா, சாயங்காலம் சாப்பாட்டுக்குத் தரேன்" என்றான். இப்படித்தான் ஆரம்பித்தது. திருப்பிக் கொடுத்த டிக்கெட்டின் காசு மரவள்ளிக் கிழங்கு மாவாகிப் போனது. பம்பாரியில் அந்தக் குழந்தை தங்கவில்லை. அடுத்ததும் தங்கவில்லை. சாலை திறந்தபோது கையில் காசில்லை, காசு சேர்ந்தபோது சாலையில்லை.

எங்களிடம் பிள்ளை பெற்றவளை அவளுடைய அம்மாதான் குளிப்பாட்ட வேண்டும். கை பொறுக்காத வெந்நீரில் இலைக்கொத்தை முக்கி அடிவயிற்றில் ஒற்றி ஒற்றி எடுக்க வேண்டும். குழந்தையைப் பனங்கொட்டை எண்ணெய் போட்டு உருவிவிட வேண்டும். மாமியார் செய்யலாம், பக்கத்து வீட்டுக்காரி செய்யலாம், ஆனால் பெற்றவள் கண் வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும். எனக்குச் செய்ய ஆளில்லாமல் போனது. அதனால் எனக்குத் தெரியும்.

மூன்றாவது தடவை உண்டாகி எஸ்தெல் போன் செய்தபோது அக்கா என் கடையில்தான் இருந்தாள். அவளுடைய போனில் எல்லார் பேச்சும் ஊருக்கே கேட்கும்.

"அம்மா, இந்த மாசக் கடைசியில இருக்கும்னு சொல்றாங்க."

"ஃபாதே வரேன்டி கண்ணு."

"அதைச் சொல்லாதம்மா. அந்தேன்னு சொல்லிடு. நீ ஃபாதேன்னு சொன்னா நான் லாரி சத்தம் கேக்கறப்பல்லாம் எழுந்து எழுந்து பார்க்கிறேன். வயித்தைத் தூக்கிக்கிட்டு என்னால முடியல."

அக்கா போனை மற்றக் காதுக்கு மாற்றினாள்.

"இந்தத் தடவையும் வரலைன்னா அப்புறம் வர வேண்டாம்மா. கோவத்துல சொல்லல. காத்துக் காத்து அலுத்துப்போச்சு" என்று எஸ்தெல் போனை வைத்துவிட்டாள்.

நான் ஒரு உருண்டையை எடுத்து அவள் கையில் வைத்தேன். அதை அப்படியே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "நான் போறேன் ஒனோரின்" என்றாள். எனக்கு எரிச்சல்தான் வந்தது. எத்தனை தடவை கேட்டாயிற்று. "போங்க, யார் பிடிச்சு வச்சிருக்கா" என்றேன்.

ஆனால் அவள் போகத்தான் செய்தாள். அந்த வாரம் முழுக்கச் சந்தைக்கும் ஸ்டாண்டுக்குமாக அலைந்து காசு புரட்டினாள். காவல் வண்டிகளோடு வாரத்துக்கு ஒருமுறை காலையில் பம்பாரி பக்கம் லாரிகள் வரிசையாகப் போகும். அந்த வரிசையில் சேராத வண்டி அடுத்த வாரம்தான். அந்தக் காலையில் அவள் தலைவாரி, நல்ல துணி கட்டி, மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு லாரியில் ஏறி உட்கார்ந்தாள். உட்கார்ந்த விதத்தில் தினமும் உட்காருவதற்கும் இதற்கும் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. அங்கேதான் வந்தது வினை.

சோப்பு வியாபாரி அபாகர் ஏறினான். அவளைப் பார்த்தான். வந்த வழியே இறங்கினான்.

"இந்த அம்மா இருக்கிற வண்டியில நான் காசு கொடுக்க மாட்டேன். போன மாசம் என் பக்கத்துல உக்காந்து, ஒதுங்கிட்டு வரேன்னு போனவங்க. இன்னும் ஒதுங்கிக்கிட்டேதான் இருக்காங்க."

லாரியில் இருந்தவர்கள் சிரித்தார்கள். காசைக் கையில் எடுத்தவர்கள் திரும்பப் பையில் போட்டார்கள்.

"தம்பி, நான் நிஜமா போறேன்" என்றாள் அக்கா.

"போன மாசமும் நிஜமாத்தான் போனீங்க."

ஒடிலோன் ஓடி வந்தான். "அக்கா, நேரங்காலம் தெரியாம விளையாடாதீங்க. காவல் வண்டி புறப்படப் போகுது. இறங்கி அடுத்த வண்டியில போய் உக்காருங்க."

அவள் டிக்கெட்டை நீட்டினாள். அவன் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. "நான் உங்ககிட்ட கொடுத்து வச்சிருக்கிற டிக்கெட்டை எனக்கே காட்டுறீங்களே!"

போலிகளிடமும் ஒரு டிக்கெட் இருக்கும், யாராவது கேட்டால் காட்ட. அவள் ஸ்டாண்டு ஆபீசில் பணம் கட்டி வாங்கியதும் அதே தாள், அதே முத்திரை. அவள் எல்லாரையும் ஒவ்வொருவராகப் பார்த்தாள். ஒரு முகத்தில்கூட நம்பிக்கை இல்லை. நான் சட்டியை விட்டுவிட்டு வந்து, "டேய் ஒடிலோன், அக்கா மகளுக்குப் பேறுகாலம்டா" என்று கத்தினேன். "நீ உன் எண்ணெயைப் பாரு, கருகுது" என்றான் அந்தக் கடன்காரன்.

அபாகர்தான் பொறுமை இழந்து அவள் மடியிலிருந்த மூட்டையைப் பிடுங்கினான். சோளத் தோலைக் கொட்டிக் காட்டி அசிங்கப்படுத்த நினைத்தான் போல. இழுத்த வேகத்தில் கை தாழ்ந்துபோனது. மூட்டை கனத்தது. அவிழ்த்தான். சின்னச் சின்னதாகக் கிழித்துத் தைத்த பழந்துணிகள், ஒரு பாட்டில் பனங்கொட்டை எண்ணெய், குழம்புக்கு உலர்த்திய கம்பளிப்புழுக்கள் ஒரு பொட்டலம், புகைபோட்ட மீன், கட்டி வைத்த இலைக்கொத்து.

அவனுக்கும் வீட்டில் பெண்கள் இருப்பார்கள். மூட்டையைத் திரும்ப இறுக்கி முடிந்தான். "எந்த ஊரும்மா?" என்றான்.

"பம்பாரி. சைக்கிள் கடை யாசென்தே பெண்டாட்டி என் மக."

"அவன் கடையிலதான் என் சைக்கிளும் கிடக்கு" என்று சொல்லி, மூட்டையைத் தானே மேலே தூக்கித் தன் சோப்பு மூட்டைகளோடு சேர்த்துக் கயிறு போட்டுக் கட்டினான். அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து காசைக் கொடுத்தான். அதைப் பார்த்து மற்றவர்களும் கொடுத்தார்கள். வண்டி நிறைந்துவிட்டது. மனசு நிறைந்து நானும் சட்டிக்குத் திரும்பினேன்.

என்ஜின் உறுமியது. ஒடிலோன் வழக்கம்போலப் பின்பலகையில் இரண்டு தட்டு தட்டினான்.

பெலாஜி அக்கா எழுந்தாள். பின்பலகை வழியாகக் காலை வைத்து, ஒரு கையால் கம்பியைப் பிடித்து, எத்தனையோ வருஷமாக இறங்குகிற மாதிரியே இறங்கினாள். அவளுக்கு முன்னால் இரண்டு போலிகள் இறங்கினார்கள், அவர்கள் பின்னாலேயே இவளும். கீழே நின்றிருந்த ஒருவன் அவள் இடத்தில் தாவி ஏறிக்கொண்டான். அபாகர் அப்போது எழுந்து மேலே கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தான்; மற்ற யாரும் எதுவும் நினைக்கவில்லை. அவளும் நினைக்கவில்லை. பழக்கப்படி துணியைத் தட்டிவிட்டு என் கடையைப் பார்த்து நடந்து வந்தாள்.

நான் கரண்டியோடு வாயைப் பிளந்து நின்றேன். என் முகத்தைப் பார்த்துத்தான் அவளுக்கு உறைத்தது. திரும்பினாள். லாரி ஸ்டாண்டு முனைத் தடுப்பைத் தாண்டி வரிசையில் சேர்ந்துவிட்டிருந்தது. நான் கத்திக்கொண்டே ஓடினேன். அவள் ஓடவில்லை.

"விடு ஒனோரின்" என்றாள். "தனக்குத் தெரிஞ்சதை என் காலு செஞ்சிருச்சு."

அழுதிருந்தால்கூடப் பரவாயில்லை. என் பெஞ்சில் உட்கார்ந்து, தன் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒடிலோன் வந்தான், எதையோ சொல்ல வாயெடுத்தான், சொல்லாமல் போய்விட்டான். அவனுக்குக்கூடப் பேச்சு வராத நாள் ஒன்று உண்டென்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அப்புறம் அவள் எந்த வண்டியிலும் உட்காரவில்லை. காலையில் வந்து எனக்கு மாவு பிசைந்து கொடுத்துவிட்டுச் சும்மா இருப்பாள். யாராவது லாரி எப்போது கிளம்பும் என்று கேட்டால், "எனக்குத் தெரியாதுப்பா" என்பாள்.

சில நாள் கழித்து எஸ்தெல் போன் வந்தது. அக்கா எடுக்கவில்லை. மறுபடி அடித்தது. நான் எடுத்து அவள் காதில் வைத்தேன்.

"அம்மா, பொண்ணு. நல்லா இருக்கா. நல்லா பால் குடிக்கிறா."

அக்கா உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"சோப்புக்காரர் மூட்டையைக் கொண்டாந்து கொடுத்தாரும்மா. உன் எண்ணெயைப் போட்டுத்தான் உருவினாங்க. நீ தச்ச துணியிலதான் கிடக்கா." பின்னால் குழந்தை சிணுங்கியது. "அப்ப நீ நிஜமாவே கிளம்பியிருக்க."

"கிளம்பினேன்டி. இறங்கிட்டேன்."

"ஏம்மா?"

அக்கா குனிந்து தன் கால்களைப் பார்த்தாள். எஸ்தெல் அங்கே மூக்கை உறிஞ்சுவது இங்கே எனக்குக் கேட்டது. "எப்ப வரேன்னு நான் கேக்கல. வந்தா வா" என்றாள்.

அடுத்த வரிசை புறப்படும் காலையில் அக்கா மறுபடி வந்தாள். மூட்டை இல்லை, டிக்கெட் மட்டும். இந்தத் தடவை ஒடிலோனே கையைப் பிடித்து ஏற்றி, பக்கக் கம்பியை ஒட்டி இடம் பிடித்துக் கொடுத்தான். அந்த டிக்கெட்டையும் அவன்தான் காசு வாங்காமலே கிழித்துக் கொடுத்தானாம். என்னிடம் சொல்லவில்லை, பயல்.

அவள் மேலேயிருந்து என்னைக் கூப்பிட்டாள்.

"ஒனோரின், என்னைக் கட்டிப் போடுடி."

"நீங்க என்ன ஆடா, மாடா?"

"என் காலை நம்ப முடியலடி. கட்டு."

என் மேலே போட்டிருந்த துணியை உருவினேன். போன பண்டிகைக்கு எடுத்தது, மஞ்சளில் மீன் போட்டது. அவள் இடுப்பைச் சுற்றி, கம்பியைச் சுற்றி, அவள் கைக்கு எட்டாத பக்கமாக முடிச்சுப் போட்டேன். பக்கத்தில் இருந்தவர்கள் பார்த்தார்கள். பார்த்துவிட்டுப் போகட்டும்.

"திரும்பி எப்ப வருவீங்க?" என்று கேட்டேன்.

அவள் வாய் வழக்கமான இடத்துக்குப் போனது. நின்றது. பிறகு மெதுவாக, "அந்தே" என்றாள். அவள் வாயில் அந்தச் சொல்லை நான் அதுவரை கேட்டதே இல்லை.

ஒடிலோன் பின்பலகையில் இரண்டு தட்டு தட்டினான். பெலாஜி அக்கா எழுந்தாள். துணி இறுகி அவளைப் பிடித்து இழுத்தது. குனிந்து அதைப் பார்த்தாள். உட்கார்ந்தாள். வண்டி தடுப்பைத் தாண்டும் வரை அந்தத் துணியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

நல்ல துணி அது. நான் திருப்பிக் கேட்க மாட்டேன்.