ரூபாய் விழுந்த நாளின் கேசரி

எங்கள் வீட்டில் கேசரி கிளறினால் யாருக்கோ பிறந்தநாள் என்று நினைத்துவிடக் கூடாது. ரூபாய் விழுந்திருக்கிறது என்று அர்த்தம். டிவியில் செய்தி வாசிப்பவர் துக்க வீட்டு முகத்தோடு 'ரூபாயின் மதிப்பு கடும் சரிவு' என்பார். இங்கே அம்மா சிரித்துக்கொண்டே ரவை டப்பாவைத் திறப்பாள். என் அப்பா, நாங்கள் கூப்பிடுவது நைனா, குவைத்தில் கட்டடங்களுக்குக் கம்பி கட்டிக்கொண்டிருந்தார். ரூபாய் விழுந்தால், அவர் அனுப்பும் அதே தினாருக்கு இங்கே கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கும். பொருளாதாரத்தில் அம்மாவுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

பள்ளிக்கூடத்தில் ஒருமுறை, ரூபாய் மதிப்பு குறைந்தால் என்ன ஆகும் என்று டீச்சர் கேட்டார். நான் எழுந்து "கேசரி செய்வாங்க" என்றேன். வகுப்பே சிரித்தது, டீச்சரும்தான். எனக்குக் கோபமான கோபம். சரியான பதிலைத்தானே சொன்னேன்!

கேசரித் தட்டை வீடியோ காலில் நைனாவுக்குக் காட்டுவது என் வேலை. "நல்லா கீதுல்ல? எனுக்கும் சேத்துத் துன்னு" என்பார். அடுத்த பேச்சு நிலத்தைப் பற்றித்தான் இருக்கும். சாலவாக்கம் போகும் வழியில், ஏரிக்குக் கீழே, எங்கள் வயலை ஒட்டி அரைக்காணி நிலம் விலைக்குக் கிடந்தது. "அத்த மட்டும் வாங்கிட்டா வந்துடுவேன். அப்பால ஒரு நாளுகூட இங்க இருக்க மாட்டேன்" என்பார். அவர் வருவாரா மாட்டாரா என்பதே அந்த அரைக்காணியில்தான் இருந்தது.

நாங்கள் சேர்க்கச் சேர்க்க அதன் விலை முன்னால் ஓடிக்கொண்டே இருந்தது. ஒருநாள் அம்மா நிலத் தரகரை வழிமறித்துச் சண்டை போட்டாள்.

"போன வருசம் சொன்ன வெல இன்னா, இப்ப சொல்ற வெல இன்னா?"

"என்னாண்ட கோச்சிக்கினு இன்னாக்கா பண்றது? தெருவுல பாதி வூட்டுக்கு வெளிநாட்டுப் பணம் வந்துக்கினு கீது. எல்லாருக்கும் ஏரிக்குக் கீய தான் நெலம் வோணும். விக்கிறவன் எதுக்குக் கொறைப்பான்?"

அம்மா வீட்டுக்கு வந்துவிட்டாள். நைனாவைப் போன்றவர்கள் அனுப்பிய பணம்தான் தெருவில் மாடி வீடுகளை எழுப்பியது, என்னைக் கல்லூரிக்கு அனுப்பியது. அந்த நிலத்தை அவருக்கே எட்டாமல் செய்ததும் அதே பணம்தான்.

கடைசியில் நிலம் வாங்காமலே நைனா வந்துவிட்டார். முதுகு ஒத்துழைக்கவில்லை. வாசலில் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, நேரே நடந்துபோய் அடுத்தவர் நிலமாகிவிட்ட அந்த அரைக்காணியைப் பார்த்துவிட்டு வந்தார்.

சில வாரம் கழித்து டிவியில் அதே செய்தி, அதே துக்க முகம். அம்மா எழுந்து போய் ரவை டப்பாவைத் திறந்துவிட்டாள். அப்புறம்தான் உறைத்தது. இனி ரூபாய் விழுந்தால் எங்களுக்கும் டீசல் விலை ஏறும், எண்ணெய் விலை ஏறும், அவ்வளவுதான். மூடியைத் திரும்பப் போட்டாள்.

"இன்னாத்துக்கு மூடற?" என்றார் நைனா.

"ரூபா வியுந்துச்சாம். பழக்கதோசத்துல எடுத்துட்டேன்."

"எடுத்தது எடுத்துட்ட, கிளறு. இத்தினி வருசமா போன்லயே காட்டிக்கினு இருந்தீங்களே."

அன்றைக்கு அம்மா நெய்யைத் தாராளமாகவே விட்டாள். நான் தட்டை அவர் கையில் கொடுத்தேன்.