தேசிக்காயும் மைனஸ் முப்பதும்

என் மனைவி கேக் செய்வாள். பதுளைக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்துப் பாடசாலையில் நான் கணக்குப் படிப்பிக்கிறேன். பாடசாலை குவாட்டர்ஸின் குசினியில் அவளுடைய தொழில் நடக்கிறது. பிறந்தநாள் கேக், சாமத்தியச் சடங்குக் கேக் எல்லாம் பதுளை, பசறை வரைக்கும் போயிருக்கின்றன. சென்ற வருடம் மொனராகலையிலிருந்து ஒரு ஓடர் வந்தது. மூன்று அடுக்குக் கல்யாணக் கேக், பட்டர் ஐசிங், சனிக்கிழமை பகல் பதினொரு மணிக்கு மண்டபத்தில் இருக்க வேண்டும்.

பட்டர் ஐசிங் எங்கள் மலைக்குளிரில் நல்ல பிள்ளையாக நிற்கும். மொனராகலை வெயிலில் அது நிற்காது, ஓடும். இந்தக் கேக் சரியாகப் போய்ச் சேர்ந்தால் அந்தப் பக்கம் முழுக்க ஓடர் வரும், வழியில் உருகினால் இனி யாரும் நம்பித் தரமாட்டார்கள் என்று அவள் ஒரு தடவைதான் சொன்னாள். நான் பத்துத் தடவை தைரியம் சொன்னேன். காரில் ஏசி இருக்கிறதே. அதுவும் ஒட்டோ ஏசி. பதினெட்டு என்று வைத்தால் பதினெட்டு. மீதியை அதுவே பார்த்துக்கொள்ளும்.

காரை வாங்கி ஆறு மாதம் ஆகியிருந்தது. அந்த ஆறு மாதத்தில் ஏசியை நாங்கள் ஒருநாளும் போட்டதில்லை. எங்கள் தோட்டத்தில் ஏசி போட்டுக்கொண்டு போகிறவனைப் பார்த்தால் கொழுந்தெடுக்கும் பெண்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சிரிப்பார்கள்.

மனைவி என்னை நம்பவில்லை. வியாழக்கிழமை பின்னேரம் ஒத்திகை பார்க்க வேண்டும் என்றாள். ஒரு சின்னக் கேக்கின் மேல் பட்டர் ஐசிங்கில் ஒரு ரோசாப்பூ வைத்து, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பின்சீட்டில் ஏறினாள். பசறை தாண்டி இறங்கினோம். வெக்கை ஏறத் தொடங்கியதும் நான் ஒரு பைலட் மாதிரி ஒட்டோ பட்டனை அழுத்திப் பதினெட்டில் வைத்தேன்.

காற்று வந்தது. நெல் அவிக்கிற அண்டாவைத் திறந்தால் வருமே, அந்தக் காற்று.

முதலில் கொஞ்சம் பொறுக்க வேண்டும் என்றேன். பிறகு எல்லாப் பட்டனையும் வரிசையாக அழுத்தினேன். வைப்பர் ஓடியது. ஹசார்ட் லைட் மின்னியது. பின்னால் வந்த பஸ் ஹோர்ன் அடித்தது. எனக்கு வியர்த்ததில் ஸ்டியரிங் வழுக்கியது. கார் தீப்பிடிக்கப் போகிறது என்று முடிவு செய்து, ஓரத்தில் நிறுத்தி, இறங்கி, பொனட்டைத் திறந்து, உள்ளே இருந்த சாமான்களை எல்லாம் ஒரு வைத்தியரைப் போலப் பார்த்தேன். அவற்றில் எனக்குப் பெயர் தெரிந்தது பெட்டரி மட்டும்தான்.

பின்சீட்டிலிருந்து மனைவி அமைதியாகக் கேட்டாள்.

"என்னங்க, இந்த ரோசாப்பூ எங்க?"

பெட்டிக்குள் ஒரு றோஸ் நிறக் குளம் இருந்தது.

திரும்பி வரும் வழி முழுக்க நான் காரணம் தேடிக்கொண்டே வந்தேன். ஏசி கேஸ் போயிருக்கும், கொம்பிரஷர் உடைந்திருக்கும், எலி வயரைக் கடித்திருக்கும். வீட்டுக்கு வந்து சேரும்போது இந்த மூன்றையும் விட உறுதியான ஒரு காரணம் கிடைத்தது. திருஷ்டி. கார் வாங்கிய நாளிலிருந்து பக்கத்துக் குவாட்டர்ஸ்காரர் அதைப் பார்க்கிற பார்வை சரியில்லை.

ஆகவே வெள்ளிக்கிழமை காலையில், ஏற்கனவே தொங்கிய பழைய தேசிக்காய்க்குப் பக்கத்திலேயே இன்னொரு பெரிய தேசிக்காயும் ஏழு பச்சை மிளகாயும் காரின் முன் கிரில்லில் கட்டினேன். நன்றாக இறுக்கிக் கட்டினேன். அதன்பிறகு பாடசாலைக்குச் சுகயீன லீவு சொல்லிவிட்டு டவுனுக்கு இறங்கினேன். சுகயீனம் யாருக்கு என்று அதிபர் கேட்கவில்லை.

பதுளை டவுனில் வாகன ஏசி மட்டும் பார்க்கிற முஸ்லிம் பெரியவர் ஒருவர் இருக்கிறார், எல்லோருக்கும் அவர் நானா. நான் காரை உள்ளே விட்டு, எலியிலிருந்து கொம்பிரஷர் வரைக்கும் என் ஆராய்ச்சி முழுவதையும் சொன்னேன். பக்கத்து வீட்டுக்காரரை மட்டும் விட்டுவிட்டேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டு முடித்துவிட்டு, ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"சூடா வருதா சேர், சும்மா வெளிக்காத்து வருதா?"

சூடாக வருகிறது என்றேன்.

"கேஸ் போனா வெளிக்காத்துத்தான் வரும். சூடு வருதுன்னா, கார்கிட்ட யாரோ சூடு கேட்டிருக்காங்க."

நான் கேட்கவில்லை என்று உடனே சொன்னேன். பொலிஸில் வாக்குமூலம் கொடுப்பது போல.

கேஜ் மாட்டிப் பார்த்தார். கேஸ் குறையவில்லை. பிறகு உள்ளே உட்கார்ந்து, இரண்டு பட்டனைச் சேர்த்து அழுத்திப் பிடித்தபடி சாவியைத் திருப்பினார். பனலில் இருந்த எல்லா லைட்டும் ஒரே நேரத்தில் மின்னின. போச்சு என்று நான் கதவைப் பிடித்தேன். இருக்கிற நோய் வருத்தத்தைக் காரே சொல்லும், நாம் கேட்கிற மாதிரிக் கேட்க வேண்டும், அவ்வளவுதான் என்றார். மின்னி முடிந்ததும் இரண்டு பழுது நம்பர்கள் மாறி மாறி வந்தன.

இரண்டா என்று கேட்கும்போது என் குரல் எட்டாம் வகுப்புப் பையனுடையதைப் போல உடைந்தது. முதல் நம்பர் வெயில் சென்சருக்கு உரியது, அது டாஷ்போர்ட்டின் மேல் இருக்கிறது, கராஜ் கூரைக்குக் கீழே வெயில் இல்லாததால் அதுவும் பழுது என்று காட்டும் என்றார். இருவருமாகக் காரை முற்றத்து வெயிலுக்குத் தள்ளினோம். மறுபடி பார்த்தார். அந்த நம்பர் போய்விட்டது. மற்றது அசையவில்லை.

அது வெளிச்சூட்டை அளக்கிற சென்சர். காரின் மூக்குப் பக்கம், கிரில்லுக்குப் பின்னால் இருக்கும். அதன் வயர் கழன்றால் சிக்னல் வராது. சிக்னல் வராவிட்டால் இந்தக் கார் வெளியே மைனஸ் முப்பது என்று கணக்குப் போடும். அந்தக் குளிரில் ஏசி எதற்கு என்று கொம்பிரஷரை நிறுத்திவிட்டு, உள்ளே இருப்பவர்கள் விறைத்துச் சாகக் கூடாது என்று சூட்டைத் திறந்துவிடும்.

"காருக்கு மூளை நல்லாத்தான் வேலை செய்யுது. உங்களக் காப்பாத்தப் பாத்திருக்கு, சேர்."

சொல்லிவிட்டுக் குனிந்து கிரில்லுக்குள் டோர்ச் அடித்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

அவரைக்கொட்டை அளவில் ஒரு சாமான். அதில் செருகியிருக்க வேண்டிய பிளக் வெளியே வந்து தொங்கியது. பிளக்கின் கழுத்தில் கட்டுக்கம்பி, கம்பியின் மறுமுனையில் என்னுடைய இரண்டு தேசிக்காய்கள்.

கார் வாங்கிய முதல் வெள்ளிக்கிழமை மனைவி நூல்தான் தந்தாள். நூல் மழையில் இற்றுவிடும் என்று நான்தான் கம்பிக்கு மாறினேன். கிரில்லுக்குப் பின்னால் கையை விட்டபோது அந்தப் பிளக் தட்டுப்பட்டது. தேசிக்காய் கட்டுவதற்கென்றே ஒரு கொக்கி வைத்திருக்கிறார்கள், ஜப்பான்காரன் எவ்வளவு யோசித்திருக்கிறான் என்று மனதாரப் பாராட்டியிருக்கிறேன். அதன்பிறகு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பழத்தை மாற்றி, கம்பியை ஒரு முறுக்கு அதிகமாக இறுக்கியிருக்கிறேன்.

நானா சிரிக்கவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒரு அடி தள்ளி நின்றார்.

"இத நீங்களே அவுத்து எடுங்க. சாமிக்குக் கட்டினது, நான் கை வைக்கிறது சரியில்ல."

முழங்காலில் நின்று அவிழ்த்தேன். முறுக்குகளை எண்ணியதில் நான் எவ்வளவு பக்திமான் என்று தெரிந்தது. அவர் பிளக்கைத் துடைத்துச் செருகினார். காரின் ஞாபகத்தில் பழைய நம்பர் தங்கியிருக்கும் என்று ஒரு ஃபியூஸைக் கழற்றி, தேத்தண்ணி குடித்து முடிக்கிற நேரம் பொறுத்து, மறுபடி போட்டார். ஸ்டார்ட் செய்ததும் பொனட்டுக்குள் டிக் என்று ஒரு சத்தம் கேட்டது. அது கொம்பிரஷர் பிடிக்கிற சத்தம் என்றார். காற்று குளிர்ந்தது. நான் முகத்தை அதற்கு முன்னால் வைத்துக்கொண்டு, இன்னொரு உதவி கேட்டேன். இந்தத் தேசிக்காய்க் கதை கராஜைத் தாண்டிப் போகக் கூடாது. சரி என்று தலையாட்டினார்.

வீட்டில், ஒரு வயர் லூஸ் என்று மட்டும் சொன்னேன். அது உண்மைதான்.

சனிக்கிழமை காலையில் மூன்று பெட்டிகளையும் பின்சீட்டில் ஏற்றினோம். முதல் பெரிய ஓடர், தேசிக்காய் இல்லாமல் எப்படிப் புறப்படுவது என்று மனைவி கேட்டாள். எனக்கு வியாழக்கிழமை வியர்வை திரும்பி வந்தது. கட்ட வேண்டாம், நான்கு டயருக்கும் கீழே வைத்து நசுக்கிக்கொண்டு போவோம், அதுதான் தூரப் பயணத்துக்கு விசேஷம் என்று அந்த நிமிடத்தில் ஒரு சாத்திரத்தை உண்டாக்கினேன். அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு நான்கு தேசிக்காய் எடுத்து வந்தாள்.

பசறை தாண்டியதும் பதினெட்டில் வைத்தேன். அவள் முன்சீட்டில் ஸ்வெட்டரையும் அதற்கு மேல் சால்வையையும் போட்டுக்கொண்டு, பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள். வெளியே வீதியோரத்தில் ஆட்கள் குடை பிடித்து நடந்தார்கள். உள்ளே நாங்கள் இருவரும் நுவரெலியாவுக்குப் போகிறவர்களைப் போல இருந்தோம்.

மண்டபத்தில் பெட்டிகளைத் திறந்தாள். அடுக்கினாள். எல்லா ரோசாப்பூவும் வைத்த இடத்தில் இருந்தன. பெண்ணின் தாய் சுற்றிவந்து பார்த்துவிட்டு, அடுத்த மாதம் தன் தங்கை வீட்டு விசேஷத்துக்கும் இதே மாதிரி முடியுமா என்று கேட்டார். மனைவி நம்பர் கொடுத்தாள்.

காருக்குத் திரும்பி நடக்கும்போதுதான் சால்வையைக் கழற்றினாள்.

"ஏசி நானாவோட வீட்டுக்கார அக்கா நேத்தே கோல் எடுத்தாங்க, நோன்புப் பெருநாளுக்குக் கேக் சொல்ல," என்றாள்.

நான் கார் சாவியைத் தேடுவது போலப் பாக்கெட்டுக்குள் கையை விட்டேன்.

"அந்தக் கம்பிச் சுருள அலுமாரிக்குள்ள வச்சுப் பூட்டிட்டேன். வர்ற வெள்ளிக்கிழம நூலுதான். கட்டுறதும் நான்தான்."