அப்பா பார்க்காமல் போன வெள்ளி நிறக் கார்

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தபந்தங்களுக்கும் அச்சகத்து அன்பர்களுக்கும் வணக்கம். அப்பா எங்களை விட்டுப் போய் இன்றோடு ஒரு வருடம். அட்டையில் சாமி படம் இல்லாமல் கார் படம் போட்டிருக்கிறதே என்று சிலர் கேட்டீர்கள். காரணம் இருக்கிறது.

அப்பா பிறந்தது மல்லாங்கிணறு. மானாவாரிக் காட்டை நம்பி வயிறு நிறையாததால், மீசை முளைக்கும் முன்பே திருத்தங்கல் வந்து அச்சகத்தில் மை கலக்கும் வேலைக்குச் சேர்ந்தார். அந்த நாளில் விருதுநகர் தியேட்டரில் ஓர் இங்கிலீஷ் உளவாளி படம் பார்த்தார். கதாநாயகனின் பெயர்கூட அவருக்கு மறந்துவிட்டது, அவன் ஓட்டிய வெள்ளி நிற ஸ்போர்ட்ஸ் கார் மட்டும் மறக்கவில்லை. "ஏலே, ஒரு பொத்தான அமுக்குனா பக்கத்து சீட்டுக்காரன் கூரையப் பிச்சுக்கிட்டுப் பறந்துருவான்லே!" என்று ஆயிரம் தடவை சொல்லியிருப்பார். அம்மா விடமாட்டார்கள்: "நம்ம மொபெட்டுல அந்தப் பொத்தான் இல்ல. இருந்தா என்னைய எப்பவோ பறக்க விட்டிருப்பீக."

பிறகு ஒரு பட்டாசுக் கம்பெனி, கம்பி மத்தாப்புப் பெட்டிக்கு அந்தக் கார் படத்தையே கேட்டது. வெள்ளி மை கலக்குவது அப்பா பொறுப்பு. நிறம் மங்கினால், "என்னலே, கார் அடுப்புச் சாம்பல்ல உருண்டுருச்சா?" என்று தாளைத் திருப்பி அனுப்பிவிடுவார். அதே அச்சகத்தில் மிஷின் ஓட்டும் நான் எத்தனை முறை திட்டு வாங்கியிருக்கிறேன்!

போன ஆவணியில் மதுரையில் பழைய கார்களை மூன்று நாள் காட்சிக்கு வைத்தார்கள். அந்தக் காரும் வந்திருந்தது. நெஞ்சுச் சளியும் மூச்சிரைப்புமாக வீட்டோடு இருந்த அப்பா, பேப்பரைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்: "ஒரு எட்டுப் போயிட்டு வந்துருவமாலே? தொடக்கூட வேண்டாம், தள்ளி நின்னு பாத்தாப் போதும்."

"மிஷின்ல தீபாவளி லோடு ஏறியிருக்குப்பா. சீசன் முடியட்டும்" என்றேன்.

எங்கள் ஊரில் கல்யாணப் பேச்சு, கண் ஆபரேஷன் எல்லாமே சீசன் முடிந்துதான். அப்பாவும் அப்படியே வாழ்ந்தவர். அதனால் கோபப்படவில்லை. "சரிலே, லோடு போகட்டும்" என்று பேப்பரை மடித்து வைத்துவிட்டார்.

அடுத்த வாரமே மூச்சு முட்டி விருதுநகர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். முகமூடிக்குள் அவர் காற்றுக்குத் தவித்ததைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மையின் பதம் தெரிந்த கை எனக்கு, அங்கே அது எதற்கும் உதவவில்லை. காலைப் பிடித்துவிட்டேன், அவ்வளவுதான். அன்று மத்தியானம் முகமூடியை விலக்கி, "லோடு போயிருச்சா?" என்றார்.

"போயிருச்சுப்பா."

"அப்ப நாளைக்குப் போவமா?"

கார் ஊரைவிட்டுப் போய் நாலு நாளாகியிருந்தது. "போவோம்ப்பா" என்றேன். செருப்பைக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைக்கச் சொன்னார். மறுநாள் காலையில் அந்தச் செருப்பை நான் கையில் தூக்கிக்கொண்டு வந்தேன்.

கடைசிவரை பார்த்துக்கொண்ட நர்ஸம்மாக்களுக்கும், அம்மாவுக்குத் துணையிருந்த பக்கத்து வீட்டாருக்கும் நன்றி. முக்கியமாக என் அச்சகத்தாருக்கு. இந்த மலரை வெளியே எங்காவது அடித்துக்கொள்கிறேன் என்று தயங்கித்தான் சொன்னேன். "அண்ணாச்சி புஸ்தகம் வெளிய போறதா? லோடு கெடக்கட்டும்லே" என்று, நடு சீசனில் ஒரு நாள் முழுக்க மிஷினை ஒதுக்கிக் கொடுத்தார் முதலாளி.

கேட்டால் கிடைக்கிற ஒரு நாள்தான் அது. போன வருடம் நான் கேட்கவே இல்லை.