என் பெயரில் ஒரு நிரந்தர முகவரி

எங்கள் பக்கத்தில் ஆண்பிள்ளைக்கு வீடு கிடையாது. சண்டையாலோ வறுமையாலோ அல்ல, வழக்கம் அப்படி. வீடு பெண்பிள்ளைக்கு. தேற்றாத்தீவில் நான் பிறந்த வீடு அக்காவின் கலியாணத்தோடு அக்காவுடையதாயிற்று. பிறகு நான் ஒரு தகரப் பெட்டியோடு கல்லடியில் மனைவியின் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். மகள் கலியாணம் முடிக்கும்போது அந்த வீடு மகளுக்குப் போகும். நானும் மனைவியும் பின்வளவில் ஒரு சின்ன வீட்டைக் கட்டிக்கொண்டு ஒதுங்குவோம். இதை யாரும் குறையாக நினைப்பதில்லை. எனக்கும் மனவருத்தம் எதுவும் இருக்கவில்லை. ஆனால் ஒழுங்கு என்ற ஒன்று இருக்கிறதல்லவா? எந்தப் படிவத்திலும் 'நிரந்தர முகவரி' என்ற இடம் வந்ததும் என் பேனா நின்றுவிடும்.

நான் நீர்ப்பாசனப் பகுதியில் படவரைஞன். வயல் வட்டைகளுக்கு நீர் போகும் வாய்க்கால்களைக் கீறுவது தொழில். வீட்டிலும் அந்தப் புத்தி போகாது. பென்சில்கள் கடினத்தின் வரிசையில் கிடக்கும். நாட்குறிப்பில் வந்த கடிதம், போன கடிதம் என்று தனித்தனிப் பத்திகள் உண்டு. யுத்தம் இந்தப் பத்திகளைப் பெரும்பாடு படுத்தியது. இடம்பெயர்ந்து பள்ளிக்கூடத்தில் இருந்தபோது வந்த கடிதம் வீட்டுக்குப் போய், வீட்டில் ஆளில்லாமல் அக்கா வீட்டுக்குப் போய், அங்கும் ஆளில்லாமல், மூன்று கையெழுத்தில் வெட்டித் திருத்தி, ஒருவழியாக என்னிடம் வந்து சேரும். அதை 'வந்த கடித'த்தில் எந்தத் தேதியில் பதிவது என்று நான் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன். ஊரில் மற்றவர்களுக்கு வேறு கவலைகள் இருந்தன.

சமாதானம் என்று சொல்லப்பட்ட காலத்தில் காத்தான்குடியில் ஒரு இன்டர்நெட் கடை வந்தது. எங்கள் வீட்டிலிருந்து சைக்கிளில் போகும் தூரம். கடைக்காரரை, அங்கே முஸ்லிம்கள் அண்ணனைக் கூப்பிடுவதுபோல, நான் காக்கா என்பேன். அவர் என்னை சேர் என்பார். அங்கே எல்லோரையும் போல நானும் ஒரு இலவச மின்னஞ்சல் வைத்திருந்தேன். பிறகு ஒரு வார இதழின் கணினிப் பகுதியில் டொமைன் பற்றி வாசித்தேன். இணையத்தில் நமக்கென்று ஒரு பெயரைப் பதிந்துகொள்ளலாம். கடிதப் பெட்டியை எந்தக் கம்பனி வைத்திருந்தாலும், நாளைக்குக் கம்பனியை மாற்றினாலும், முகவரி மாறாது. அது நம்முடையது. ஊர் மாறினாலும், வீடு போனாலும், கல்லடிப் பாலம் மூடினாலும் முகவரி அதே முகவரி.

அந்தப் பக்கத்தை வெட்டி எடுத்து ஒட்டி வைத்தேன். கிரெடிட் கார்ட் என்ற பொருளை எங்கள் ஊரில் அப்போது நான் கண்டதில்லை. சுவிஸிலிருந்த மனைவியின் தம்பி தன்னுடைய கார்டால் கட்டி, என் பெயரையே டொமைனாகப் பதிந்து தந்தார். தொடர்புக்கு ஒரு முகவரி கேட்டார்களாம். என் பழைய இலவச முகவரியைக் கொடுத்துவிட்டதாக எழுதியிருந்தார். நல்லது என்று பதில் போட்டேன்.

மனைவிக்கு விளங்கட்டும் என்று ஒரு படம் கீறினேன். குளம், மதகு, பிரதான வாய்க்கால், கிளை வாய்க்கால்.

"இஞ்ச பார். தண்ணி எந்தக் குளத்தில இருந்து வந்தாலும் மதகு எங்கட. பூட்டும் திறப்பும் எங்கட கையில."

அவள் படத்தையும் என்னையும் பார்த்தாள். "முகட்டு ஓடு மாத்துங்க எண்டு ரெண்டு மாரியாக் கத்துறன். நீங்க இல்லாத வீட்டுக்கு ஓடு போட்டுட்டு வந்து நிக்கிறீங்க."

நான் அசையவில்லை. பட்டணத்தில் விசிட்டிங் கார்ட் அடித்தேன். அதில் வீட்டு முகவரி இல்லை, தொலைபேசி இலக்கம் இல்லை. பெயரும் மின்னஞ்சலும் மட்டும். பெயர்தான் மின்னஞ்சல் என்பதால் ஒரே சொல் இரண்டு தடவை இருந்தது. கணினியைக் கண்ணால் கண்டிராத உறவினர்களுக்கும் கொடுத்தேன். மீன்காரருக்கும் ஒன்று கொடுத்ததாக மனைவி இன்றும் சொல்கிறாள். என் குறிப்பில் அப்படி இல்லை.

பழைய முகவரியை மூடியதுதான் என் ஒழுங்கின் உச்சம். ஒருவனுக்கு இரண்டு முகவரி எதற்கு? எல்லோருக்கும் அறிவித்துவிட்டு அந்தப் பக்கம் போவதை நிறுத்தினேன். பாவிக்காவிட்டால் அந்தக் கம்பனி தானே பெட்டியை அழித்துவிடும். 'பழைய முகவரி இன்றுடன் முடிந்தது' என்று எழுதி, அடியில் அடிமட்டம் வைத்து ஒரு கோடும் போட்டேன்.

அதற்குள் மகளுக்கு ஒரு சம்பந்தம் பொருந்தி வந்தது. மாப்பிள்ளையின் வீடு தன்னாமுனை. மாப்பிள்ளை கட்டாரில் ஒரு கம்பனியின் கணினிப் பிரிவில் வேலை. பெரியவர்கள் பேசி, வெற்றிலை மாற்றி முடித்தோம். அவருக்கு லீவு கிடைக்கும் தேதி தெரிந்தால்தான் முகூர்த்தம் வைக்கலாம். மகள் சுவர்க் கலண்டரை அடிக்கடி புரட்டினாள். சமாதானமோ அதற்குள் கலையத் தொடங்கியிருந்தது. வாவிக்கு அக்கரையில், படுவான்கரைப் பக்கம், திரும்பவும் சத்தங்கள் கேட்டன. இந்தத் தடவை லீவு தவறினால் அடுத்த லீவில் ஊர் எப்படி இருக்கும், பாதை இருக்குமா என்று யாருக்கும் தெரியாது.

சம்பந்தியிடம் கார்டை நீட்டினேன்.

"போனை நம்பாதீங்க சம்மந்தி. லைன் எப்ப சாகும் எண்டு தெரியாது. மாப்பிளத் தம்பிய இதுக்கு எழுதச் சொல்லுங்க. இது என்னெண்டாலும் மாறாது."

அவர் கார்டைச் சட்டைப் பையில் பத்திரமாக வைத்தார். ஊரில் என் கார்டை இரண்டு கையாலும் வாங்கிய ஒரே ஆள் அவர்தான்.

பிறகு கடிதங்கள் நின்றன.

காக்காவின் கடைக்குப் போவேன், பெட்டி திறக்காது. திரும்பி வந்து குறிப்பில் 'தொடர்பு இல்லை, யுத்த நிலைமை' என்று எழுதுவேன். எங்கள் ஊரில் அந்தக் காலத்தில் எது நின்றாலும் காரணம் தேடுகிற வேலை இல்லை. பஸ் வராவிட்டால் யுத்தம். பேக்கரிப் பாண் வராவிட்டால் யுத்தம். கிணற்று மோட்டர் பழுதானபோதுகூட நான் கொஞ்ச நாள் யுத்தத்தைத்தான் சந்தேகித்தேன். பொலநறுவைப் பக்கம் எங்கோ கேபிளை வெட்டியிருப்பார்கள் என்று மனைவிக்கு விளக்கினேன்.

காக்கா ஒருநாள் சொன்னார்: "மத்த ஆக்களுக்கெல்லாம் வருகுது சேர். உங்கட ஒண்டுதான் திறக்குதில்ல."

வேறு ஒருவனாக இருந்தால் இதைக் கேட்டதும் தன் பெட்டியில்தான் ஏதோ பிழை என்று நினைத்திருப்பான். நான் யோசித்துப் பார்த்தேன். ஊர் முழுக்க வருகிறது. எனக்கு மட்டும் வரவில்லை. அப்படியானால் என்னுடையதை மட்டும் யாரோ நிறுத்துகிறார்கள். ஏன்? நான் வாய்க்கால் படம் கீறுகிறவன். எந்தக் குளம் எங்கே, எந்தப் பாதை எந்த வட்டைக்குப் போகிறது என்று தெரிந்தவன். போதாதற்குச் சொந்தமாக ஒரு டொமைன்!

என்னைக் கவனிக்கிறார்கள் என்று முடிவு செய்தேன்.

பயம் வந்தது உண்மை. நாட்குறிப்பில் 'யுத்தம்' என்ற சொல்லை விட்டு 'காலநிலை' என்று எழுதத் தொடங்கினேன். அதனால் சித்திரை வெயிலில் கொப்புளித்த நாட்களிலும் 'காலநிலை மிக மோசம், பாலம் மூடப்பட்டது' என்று இருக்கிறது. தெருவில் யாராவது சைக்கிளை நிறுத்திச் செயின் பூட்டினால் ஜன்னலை மெதுவாகச் சாத்துவேன். பயத்தோடு இன்னொன்றும் வந்தது. அதை அப்போது எழுதவில்லை. இந்த வயதில் என்னையும் ஒரு பொருட்டாக யாரோ நினைக்கிறார்களே என்று உள்ளுக்குள் ஒரு நிமிர்வு.

அந்த நிலையில்தான் சம்பந்தி வந்தார். முகம் சரியில்லை. மனைவி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். மகள் கதவுச் சீலைக்குப் பின்னால் நின்றாள்.

"தம்பி மூணுதரம் எழுதியிரிக்கான்," என்றார். "மூணும் திரும்பிப் போயிட்டாம். அப்பிடி ஒரு முகவரியே இல்லையாம். போனும் விழுகுதில்ல. விருப்பமில்லாட்டி முகத்துக்கு நேர சொல்லியிரிக்கலாம் சம்மந்தி. இப்பிடித் திருப்பி அனுப்பத் தேவையில்ல."

எனக்கு வாய்த்த நல்ல தருணம் அது. 'என்ன பிழையோ தெரியவில்லை, பார்க்கிறேன்' என்று சொல்லியிருந்தால் போதும். நான் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினேன். குரலைத் தாழ்த்தினேன்.

"அது நான் திருப்பினதில்ல. என்ர கடிதங்களை மறிக்கிறாங்க. என்னைக் கவனிக்கிறாங்க சம்மந்தி."

"ஆரு?"

"அது சொல்லேலாது."

சம்பந்தி கோப்பையைக் கீழே வைத்தார். "அப்ப… உங்கட பேர் லிஸ்டில இரிக்கா?"

நான் மறுக்கவில்லை. தலையை இப்படியும் அப்படியும் இல்லாமல் ஆட்டினேன் என்று நினைக்கிறேன். தேடப்படுகிறவர்களின் லிஸ்டில் பெயர் இருக்கும் வீட்டில் அந்த நாட்களில் யார் சம்பந்தம் செய்வார்கள்? கோபத்தோடு வந்த மனிதர் பயத்தோடு எழுந்தார். "வாறன்" என்றுகூடச் சொல்லவில்லை. தேத்தண்ணி ஆடை படிந்து கிடந்தது.

சீலை அசைந்தது. மகள் வெளியே வந்து கலண்டரைச் சுவரிலிருந்து கழற்றி என் மேசையில் வைத்தாள்.

"இதையும் நீங்களே வெச்சிருங்க அப்பா."

பிறகு அவள் என்னோடு பேசவில்லை. மனைவி பேசினாள். "உங்களைக் கவனிக்கிறாங்களாம்! நான் முடிச்ச நாளிலிருந்து உங்களைக் கவனிச்சுக்கொண்டுதான் இரிக்கிறன். கவனிக்க என்ன இரிக்கு?"

அடுத்த நாள் காக்காவின் கடையில் பெட்டி திறக்காமல் சும்மா இருந்தபோது, ஒரு வேகத்தில் என் பெயரை மட்டும் தட்டினேன். டொமைனை மட்டும். அதுவரை எனக்கு அது தோன்றியதே இல்லை. ஒரு பக்கம் திறந்தது. என் பெயருக்குக் கீழே வெள்ளைக்காரக் குடும்பம் ஒன்று ஒரு வீட்டின் முன்னால் நின்று சிரித்தது. வீட்டுக்கடன், மலிவு விமானச் சீட்டு, முடி வளர மருந்து என்று வரிசையாக விளம்பரங்கள். ஓரத்தில் பொடி எழுத்தில், இந்தப் பெயரின் தவணை முடிந்துவிட்டது, புதுப்பிக்கப்படவில்லை என்று இருந்தது.

காக்கா எட்டிப் பார்த்தார். "உங்கட வீட்ட வாடகைக்கு விட்டுட்டாங்க சேர்!"

அப்போதுதான் எல்லாம் ஒழுங்காக வந்து பொருந்தியது. பெயருக்குத் தவணை உண்டு. தவணை முடியுமுன் அறிவித்தல் அனுப்புவார்கள். திரும்பத் திரும்ப அனுப்பியிருப்பார்கள், என் பழைய முகவரிக்கு. அதைத்தான் நான் அடிமட்டம் வைத்து மூடியிருந்தேன். மதகுத் திறப்பை வாய்க்காலுக்குள் எறிந்துவிட்டு, தண்ணீர் வரவில்லை என்று அக்கரையைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

என்னை யாரும் கவனிக்கவில்லை. பெரிய ஆறுதல். கொஞ்சம் ஏமாற்றமும்தான்.

அந்தப் பக்கத்தை அச்செடுத்துக்கொண்டு, பாலம் தாண்டி, பட்டணம் தாண்டித் தன்னாமுனைக்குச் சைக்கிளை விட்டேன். வழியில் சோதனைச் சாவடியில் ஒரு சிப்பாய் தாளை வாங்கிப் பார்த்தான். வீட்டையும் சிரிக்கிற குடும்பத்தையும் பார்த்தான். "லோன் எடுக்கவா?" என்று அரைகுறைத் தமிழில் கேட்டான். ஓம் என்றேன். போகச் சொன்னான். கவனிக்கப்படுகிறவன் பட்ட பாடு அவ்வளவுதான்.

சம்பந்தி என்னைக் கேற்றடியிலேயே நிறுத்தினார். உள்ளே கூப்பிடவில்லை. வெயிலில் நின்றபடி தாளை நீட்டி, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். பழைய முகவரி, கோடு, காலநிலை, எல்லாவற்றையும்.

"அப்ப லிஸ்ட்?"

"லிஸ்டும் இல்ல, ஒண்டும் இல்ல. என்ர மடத்தனம்தான்."

அவர் தாளை மறுபடி பார்த்தார். தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்தேன். வீட்டைப் பார்த்துக் கத்தினார். "இஞ்ச வா புள்ள, சம்மந்தி வந்திரிக்கார்! இவர் பயங்கரவாதி இல்லையாம், பெயரப் புதுப்பிக்க மறந்திட்டாராம்!" கேற் திறந்தது. அன்று அந்த வீட்டில் நான் தேத்தண்ணியை ஆறவிடவில்லை.

சம்பந்தி எப்படியோ மகனுக்குச் செய்தி சேர்த்தார். தவணை முடிந்த பெயரைத் திரும்பவும் எடுக்க இன்னும் கொஞ்ச அவகாசம் இருந்திருக்கிறது. மாப்பிள்ளை கட்டாரிலிருந்தே காசைக் கட்டிப் பெயரை மீட்டார். பெட்டி திறந்தபோது அதில் வந்து விழுந்த முதல் கடிதம் லீவுத் தேதி. வீட்டுக்கு வந்து, கலண்டரை எடுத்துச் சுவரில் மாட்டி, தேதியைக் காட்டினேன். மகள் அதைப் பார்த்துவிட்டு, "வட்டம் போடுங்க அப்பா" என்றாள். பல வாரங்களுக்குப் பிறகு அவள் என்னோடு பேசிய முதல் பேச்சு. அடிமட்டமில்லாமல் போட்டேன்.

கலியாணம் ஊரடங்குக்கு முன் முடியும்படி பகலில் நடந்தது. மாப்பிள்ளை கல்லடிக்கு வந்தார். வழக்கப்படி வீட்டை மகளின் பெயருக்கு எழுதினோம். நானும் மனைவியும் பின்வளவுக்குப் போனோம். சாமான்கள் எல்லாம் இடம் பார்த்து வைத்த பிறகு, டொமைன் விஷயத்தை முறையாக என் கையில் எடுக்கலாம் என்று மருமகனைக் கேட்டேன்.

"அது உங்கட மகள்ட பேரில பதிஞ்சிட்டன் மாமா," என்றார்.

"என்ர பேர் தம்பி அது!"

"பேர் உங்கடதான். இரிக்கிறதும் நீங்கதான். சொந்த உரித்து அவளுக்கு." மரியாதையாகச் சேர்த்தார். "வீடு பொம்பிளப் புள்ளைக்குத்தானே மாமா?"

 மனைவி பின்வீட்டு வாசலில் நின்று வாய்பொத்திச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

முகவரி அன்றிலிருந்து மாறவில்லை. ஆண்டுக்கு ஒருமுறை அறிவித்தல் மகளுக்கு வரும். அவள் முன்வீட்டு ஜன்னலால் எட்டிப் பார்த்துக் கேட்பாள்: "அப்பா, இந்த வருஷமும் இரிக்கப் போறீங்களா?"

"ஓம் புள்ள, கட்டு," என்பேன்.

"கட்டுறதோட பின்வீட்டு ஓட்டையும் ஒருக்காப் பாக்கச் சொல்லு," என்பாள் மனைவி உள்ளேயிருந்து. "ஒழுகுது."