கணப்புச் சட்டியை விட்டு எழாத மாதங்கள்

கொடைக்கானலுக்கு மாற்றலாகி வந்த முதல் வருடத்து நாட்குறிப்பில், ஐப்பசிக் கடைசி வாரத்திலிருந்து மார்கழி வரை என் கையெழுத்து எனக்கே அடையாளம் தெரியவில்லை. நான் கோடு போட்டு எழுதுகிறவன். எழுந்த நேரம், வானிலை, உண்டது, முடித்த கோப்புகள், மனநிலை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பத்தி உண்டு. எந்தப் பத்தியையும் காலியாக விட்டதில்லை. அந்த மாதங்களில் எல்லாம் நிரம்பித்தான் இருக்கின்றன. ஆனால் எழுத்து சாய்ந்து, பேனா அழுந்தி, நாள் தவறாமல் ஒன்றேதான் வருகிறது: "மூடுபனி. மனம் சரியில்லை."

எங்கள் அலுவலகம் ஏரிக்கு மேலே ஒரு பழைய பங்களாவில் இருந்தது. மலை நிலங்களின் எல்லைப் பதிவேடுகளைப் பார்க்கிற வேலை. கல் சுவர், உயரமான கூரை. வெளியே வெயிலடித்தாலும் உள்ளே விரல் விறைக்கும். அதனால் இரண்டு மேசைக்கு ஒன்றாகக் கரி போட்ட கணப்புச் சட்டி வைப்பார்கள். எழுந்து போனால் பக்கத்து மேசைக்காரர் சட்டியைக் காலால் தன் பக்கம் இழுத்துக்கொள்ளலாம். திரும்பி வந்து கேட்கக் கூடாது. இது அங்கே எழுதாத விதி. ஆகவே காலை பத்து மணிக்கு உட்கார்ந்தால் யாரும் எழுவதில்லை. கோப்பு வேண்டுமானால் மணியை அடிப்போம், பியூன் வருவார். பத்தடி தள்ளியிருந்த அலமாரிக்கும் அவர்தான் போக வேண்டும். சிறுநீரை அடக்கிக்கொண்டுகூட உட்கார்ந்திருக்கிறேன்.

என்னோடு சட்டியைப் பங்கிட்டுக்கொண்டவர் இரண்டாம் குமாஸ்தா. மதுரைப் பக்கத்து ஆள், தொந்தியும் குரங்குக் குல்லாவுமாக இருப்பார்.

"அண்ணே, ஐயா கூப்பிட்ட மாதிரி இருந்துச்சு. ஒரு எட்டுப் போய்ப் பாத்துட்டு வாங்களேன்."

"ஒனக்குச் சட்டி வேணும். யாரும் கூப்பிடல."

"சட்டி கெடக்குது போங்க. ஒங்க ஒடம்பப் பத்தில்ல கவலப்படுறேன். பழைய பதிவேடு மாதிரி ஆயிட்டீங்க, தூக்க ரெண்டு ஆளு வேணும்."

"நீ மட்டும் தினம் மலையை ஓடி ஏறுறியாக்கும்?"

"நான் பொறக்கும்போதே இப்படித்தாண்ணே. நீங்கதான் புதுசு."

அது உண்மை. பழனியில் வேலை பார்த்தபோது வெள்ளனே எழுந்து மலையை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் குளிப்பேன். அலுவலகத்துக்கும் நடை, கடைக்கும் நடை. இங்கே வந்ததும் குளிரைச் சாக்காக வைத்து நடையை நிறுத்தினேன். அதே சாக்கில் தின்னத் தொடங்கினேன். பத்தரைக்கு வெண்ணெய் தடவிய பன். பன்னிரண்டுக்கு உருளைக்கிழங்கு போண்டா. மூன்றுக்கு ஜாம் வைத்த ரொட்டி. இடையிடையே டீ, ஒரு நாளைக்கு ஆறு டம்ளர், ஒவ்வொன்றிலும் மூன்று கரண்டி சர்க்கரை. மனைவி கட்டிக்கொடுத்த கீரையும் சோறும் மத்தியானத்துக்குள் ஜில்லிட்டுப் போயிருக்கும். அதை அப்படியே பியூனிடம் கொடுத்துவிடுவேன்.

விடிவதற்கு வெகு முன்பே விழிப்பு வந்துவிடும். அப்போதே நெஞ்சு படபடவென்றிருக்கும், எதற்கென்று தெரியாது. அலுவலகத்தில் ஒரே தாளை அரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருப்பேன். கால் மட்டும் மேசைக்கடியில் ஆடிக்கொண்டே இருக்கும். ஒரு நாள் இரண்டு கோப்புகளுக்கு ஒரே எண் போட்டுவிட்டேன். பத்தொன்பது வருட வேலையில் அது முதல் தடவை. கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நின்றேன். அழுகை வருமென்று நினைத்தேன், அதுவும் வரவில்லை.

மூடுபனிதான் காரணம் என்று முடிவு செய்தேன். எதையும் கணக்குப் பார்க்காமல் சொல்கிற பழக்கம் எனக்கில்லை. வானிலைப் பத்தியையும் மனநிலைப் பத்தியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தேன். நாற்பத்தொரு நாளும் ஒத்துப்போயின. மார்கழி ஐந்தாம் தேதி, சமவெளிக்கு மாற்றல் கேட்டு விண்ணப்பம் எழுதினேன். "இத்தட்பவெப்பத்தில் நீடித்தால் உயிருக்கே ஊறு நேரும்" என்று ஒரு வரி. திண்டுக்கல்லில் ஓர் இடம் காலியாக இருந்தது. தாள் தலைமை அலுவலகத்துக்குப் போனால் உத்தரவு வந்துவிடும், பிறகு மறுக்க முடியாது.

மனைவியிடம் சொல்லவில்லை. அவள் மிஷன் பள்ளியில் ஆசிரியை. எனக்கு மாற்றலான இரண்டு தடவையும் வேலையை விட்டுவிட்டு என் பின்னால் வந்தவள். இந்தப் பள்ளியில் அந்த ஜூன் மாதம்தான் நிரந்தரம் செய்திருந்தார்கள். அந்த நிரந்தர உத்தரவைக் கொண்டுவந்த அன்று அதை என் கையில் கொடுத்து, "மூணாவது தடவை ராஜினாமா எழுத எனக்குத் தெம்பில்லைங்க" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

எங்கள் அதிகாரி அப்போது பெரும்பாறையில் முகாமிட்டிருந்தார். அவர் கையெழுத்து இல்லாமல் விண்ணப்பம் நகராது. அவர் திரும்பும்வரை பொறுத்திருக்கலாம், ஒரு வாரத்துக்கு மேல் எனக்குப் பொறுக்கவில்லை. "கேம்புல கொஞ்சம் சோலி இருக்கு" என்று மட்டும் வீட்டில் சொல்லிவிட்டு, பெருமாள்மலையில் பஸ் மாறி, பஸ் நின்ற இடத்திலிருந்து மண் பாதையில் நடந்து, மூச்சு வாங்க முகாமுக்குப் போய்ச் சேர்ந்தேன்.

அதிகாரி தாளைப் படித்தார்.

"குளிருக்குப் பயந்து ஓடுற முதல் ஆள் நீர் இல்லை" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். தாள் தபால் பைக்குள் போயிற்று. நான்காம் நாள் காலை பை ஜீப்பில் கீழே இறங்கும். நான் உடனே திரும்பலாமென்றிருந்தேன். முகாம் குமாஸ்தாவுக்குக் காய்ச்சல்.

"வந்ததுதான் வந்தீர், பதிவேட்டைப் பிடியும்" என்றார் அதிகாரி.

பெருமாள்மலைக்குப் போகிற ஆளிடம் வீட்டுக்குத் தகவல் சொல்லி அனுப்பிவிட்டு, மூன்று நாள் எல்லைக் கல் எல்லைக் கல்லாக நடந்தேன். காப்பிச் செடிகளுக்குள் நுழைந்து, மிளகுக் கொடியில் குல்லா மாட்டி, ஓடையில் இறங்கி ஏறி. முன்னால் நிலமளக்கும் சங்கிலி பிடித்துப் போனவர்கள் என்னைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்கள்.

"கல்லு எங்கயும் ஓடிராதுங்க, மெதுவா வாங்க," என்றார் ஒருவர். "அட்டை கடிச்சிருச்சாங்க?"

"தெரியல."

"அதுக்கு இன்னிக்கு விருந்துங்க. கொடைக்கானல் வெண்ணெய்ல்ல!"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் கோபம் வந்தது. முதல் நாள் முழுக்க எல்லாவற்றுக்கும் கோபம்தான் வந்தது. டீ இல்லாமல் தலைவலி. பன் கிடையாது. கேழ்வரகுக் களி, கொள்ளு ரசம், அவரைக்காய், பறித்த மரத்தடியிலேயே நின்று தின்ற ஆரஞ்சு. எதையும் ருசித்துச் சாப்பிட்டதாக ஞாபகமில்லை, பசித்தது, அவ்வளவுதான். இரண்டாம் நாள் விடிந்த பிறகு என்னை எழுப்ப வேண்டியிருந்தது.

மூன்றாம் நாள் சாயங்காலம் நாட்குறிப்பை எடுத்தேன். வானிலை மூன்று நாளும் "கடும் மூடுபனி. பத்தடிக்கு அப்பால் கல் தெரியவில்லை." மனநிலை: முதல் நாள் "மோசம்". இரண்டாம் நாள் காலி. மூன்றாம் நாளுக்கான இடத்தில், அன்று பார்த்த கற்களின் எண்கள் பக்கத்துப் பத்தியிலிருந்து வழிந்து வந்து கிடந்தன.

நாற்பத்தொரு நாளும் ஒத்துப்போயிற்று என்றேனே, நாற்பத்தொரு நாளும் மூடுபனிதானே இருந்தது? எதோடு ஒப்பிட்டேன்? பழைய பக்கங்களைப் புரட்டினேன். "உண்டது" என்ற பத்தியை அன்றுதான் முதல் தடவையாக மேலிருந்து கீழாகப் படித்தேன். பன், போண்டா, டீ, டீ, ரொட்டி, டீ. நடைக்கென்று பழனியில் ஒரு பத்தி இருந்தது. எழுத ஒன்றுமில்லை என்று அதைக் கார்த்திகையில் நானே அடித்திருந்தேன்.

மறுநாள் ஜீப் வருவதற்கு முன் அதிகாரியிடம் போய் நின்றேன்.

"ஐயா, அந்த விண்ணப்பம் திரும்ப வேணுங்க."

"பையைக் கட்டி அரக்கு வைச்சாச்சு."

"தெரியுமுங்க."

"இங்கே இருந்தா செத்துருவேன்னு எழுதினது நீர்தானே? மூணு நாள்ல சாவு தள்ளிப்போயிருச்சா?"

"காரணம் தப்புங்க."

"மலை அதேதான், குளிரும் அதேதான். காரணம் எப்படித் தப்பாகும்?"

போண்டாவைப் பற்றி அவரிடம் எப்படிச் சொல்வது? வாய்க்கு வந்ததைச் சொன்னேன். "வீட்டுல சொல்லாம எழுதிட்டேங்க. அவங்களுக்கு இங்க வேலை."

அதிகாரி பேனாக்கத்தியால் அரக்கைப் பெயர்த்தார். "இதுக்காக உடைக்கிறேன், உம்ம மூடுபனிக்காக இல்லை."

தாளை வழியிலேயே கிழித்துப் போட்டிருக்கலாம். பஸ்ஸில் இரண்டு தடவை வெளியே எடுத்தேன். இரண்டு தடவையும் மடித்து உள்ளே வைத்தேன். வீட்டில் அவள் பள்ளி நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தாள். நோட்டின் மேலேயே தாளை வைத்தேன்.

நின்ற இடத்தில் நிற்க முடியாமல் நான் ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்தேன். அவள் இரண்டு முறை படித்தாள்.

"என்னைக்கு எழுதினது?"

"மார்கழி அஞ்சு."

"இன்னைக்குப் பதினேழு. பன்னெண்டு நாளா எங்கிட்ட உப்பு ஒரைப்புச் சரியா இருக்கான்னு பேசிட்டு இருந்திருக்கீங்க."

"ஒடம்பு சரியில்லாம..."

"அது எனக்குத் தெரியாதா? கட்டிக்குடுக்கிற சோத்தைப் பியூனுக்குக் குடுக்கிறீங்க. அவர் பொண்ணு என் வகுப்புதான். ஒங்க வீட்டுக் கீரை நல்லாருக்கு டீச்சர்னு வந்து சொல்லுது. கேட்டா எரிஞ்சு விழுவீங்கன்னு நானும் கேக்கல." தாளை மறுபடி ஓட்டமாகப் பார்த்தாள். "ஒரு பக்கம் முழுக்க எழுதியிருக்கீங்க. நான் ஒருத்தி இருக்கேன்னு ஒரு வரிகூட இல்ல."

நான் நடப்பதை நிறுத்தி அவள் எதிரே உட்கார்ந்தேன்.

அதன் பிறகு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத மாட்டேன். பன்னை நிறுத்தினேன், சர்க்கரையைக் குறைத்தேன், அலமாரிக்கு நானே எழுந்து போனேன். மாசி வரையிலும் விடியுமுன் விழிப்பு வந்தது. நடந்ததால் மனம் தேறியதா, தேறத் தொடங்கியதால் நடக்க முடிந்ததா, கீரையா, அவளிடம் காட்டிவிட்டதா என்று இத்தனை வருடப் பத்திகளையும் பார்த்துவிட்டேன். பிரித்துச் சொல்ல முடியவில்லை.

தாளைப் படித்தபின் இரண்டு நாள் அவள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் காலை குடையை எடுத்துக்கொண்டு வாசலில் நின்று, "வர்றதா இருந்தா வெரசாக் கெளம்புங்க" என்றாள். அவள் பள்ளி ஏரிக்கு அந்தப் பக்கம். என் அலுவலகத்துக்கு அது வழியே இல்லை. பாதி ஏரி சுற்றுவதற்குள் எனக்கு மூச்சு வாங்கியது, அவள் நடையைக் குறைத்துக்கொள்ளவில்லை. பள்ளி வாசலில் நின்றாள்.

"அந்தத் தாளை நான் கிழிக்கல. எங்கிட்டதான் இருக்கு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.