ஒத்திகை நாளில் வந்த நெடி

எங்கள் பக்கத்தில் அப்போது நேரம் பார்க்க வாட்ச் தேவைப்படாது. சங்கு ஊதும். ஒரு கம்பெனி சங்கு எருமை கத்துவது போல இருக்கும், இன்னொன்று மெலிதாக இழுத்துக்கொண்டே போகும்... அதைக் கேட்டுத்தான் தெருவே குளிக்கும், சோறு கட்டும், ஷிஃப்ட்டுக்கு ஓடும்.

இரண்டாயிரத்தை ஒட்டிய வருடங்கள். திருவொற்றியூருக்கும் எண்ணூருக்கும் நடுவில், கடலோரத் தெரு ஒன்றில் வாடகை வீடு. அரசு ஆபீஸ் ஒன்றில் நான் ஜூனியர் கிளார்க். மனைவி பிலோமினா ராயபுரத்துப் பெண். மகள் அப்போதுதான் நடை பழகியிருந்தாள்.

பெரிய ஃபேக்டரி எதிலாவது விஷவாயு கசிந்தால் என்ன செய்வது என்று ஒத்திகை நடத்தச் சொல்லி மேலிடத்து உத்தரவு வந்தது. வருவாய்த் துறை, போலீஸ், தீயணைப்பு, சுகாதாரம், உள்ளாட்சி... எல்லோரையும் ஒரே ஹாலில் உட்கார வைத்தார்கள்.

ஜனங்களை எங்கே கொண்டு போவது? அதுதான் கேள்வி.

காற்றுக்குக் குறுக்கே போகணும் என்றார் தீயணைப்பு அதிகாரி. வண்டிகள் போகணும், மெயின் ரோட்டுக்கு ஒருத்தரும் வரக்கூடாது என்றார் போலீஸ்காரர். கல்யாண மண்டபம் என்றார் எங்கள் ஆபீசர். இல்லை, பள்ளிக்கூடம் என்றார்கள் சுகாதாரத் துறையினர். நடுவில் டீயும் போண்டாவும் வந்தன. பிறகு எல்லோரும் கைகுலுக்கிக்கொண்டு எழுந்தார்கள். அவரவர் சொன்னதுதான் முடிவானது என்று அவரவர் நினைத்துக்கொண்டு போனார்கள் என்பது எனக்கு அப்போது தெரியாது.

ஒத்திகை அன்று மத்தியானம் என் வேலை, மைக் கட்டிய ஆட்டோவில் தெருத்தெருவாகப் போவது. "இது ஒத்திகை, பயப்பட வேண்டாம். சங்கு ஊதினதும் மண்டபத்துக்கு வந்துடுங்க..."

ஆட்டோ ஓட்டிய பாஷா திரும்பிப் பார்த்தார்.

"சார், முன்னால போற ஜீப்பு ஸ்கூலாண்ட வரச் சொல்லிகினு போறான். நீ மண்டபம்ன்ற. இன்னா சார் இது?"

"எங்க ஆபீஸ்ல மண்டபம்னுதான் சொன்னாங்க பாஷா."

அடுத்த தெருவுக்குள் திரும்பும்போது அந்த நெடி வந்தது. மூக்கில் ஊசி குத்தியது போல... கண்ணில் தண்ணீர் கொட்டியது.

"இதுவும் உங்க ஏற்பாடா சார்?"

தத்ரூபமாக இருக்கட்டும் என்று யாராவது எதையாவது கொளுத்திவிட்டார்களோ என்றுகூட நினைத்தேன். எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடி கண்ட்ரோல் ரூமுக்குப் போன் போட்டேன்.

"சார், இங்க பயங்கரமா நெடி வருது."

"அப்படியா? நல்லா பண்ணியிருக்காங்கப்பா!" என்றது எதிர்முனை.

சங்கு ஊதியது. வழக்கமான ஷிஃப்ட் சங்கு மாதிரியே இருந்ததால் சில பேர் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பினார்கள். சில பேர் சிரித்தபடி மண்டபத்துக்கு நடந்தார்கள். இருமியவர்கள் மட்டும் ஓடினார்கள். தண்ணீர்க் குடத்தோடு ஒரு அம்மா ஆட்டோவை மறித்தார்.

"நைனா, இது நெசமா சும்மாவா?"

"நெசம்தாம்மா, ஓடுங்க!"

"எங்க ஓட்றது? அத்த சொல்லு!"

"வடக்க" என்றேன். ஏன் வடக்கு? இன்றுவரை எனக்கே தெரியாது.

அப்போதுதான் வீட்டு நினைப்பு வந்தது. ஆட்டோவைத் திருப்பச் சொன்னேன். கதவு திறந்து கிடந்தது. அடுப்பில் குழம்பு தீய்ந்துகொண்டிருந்தது. பிலோமினாவும் இல்லை, குழந்தையும் இல்லை.

மண்டபத்துக்கு ஓடினேன். வாசலில் நின்ற ஊழியர், "நீங்க ஒத்திகைக்கு வந்தவரா, நெசமா வந்தவரா?" என்று கேட்டார். அவரைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய் ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். இல்லை. பள்ளிக்கூடத்தில் இல்லை. மாதா கோயில் வளாகத்திலும் இல்லை. பாஷா ஓட்டிக்கொண்டே இருந்தார்.

கடைசியில் ரயில்வே ஸ்டேஷன் வாசலில் எதிர்வீட்டுக்காரர் கையைப் பிடித்து நிறுத்தினார். "உன் வூட்டுக்காரி கொயந்தையத் தூக்கிகினு கும்மிடிப்பூண்டி வண்டில ஏறிட்டா. நான் கூவுனேன், காதுல வாங்கல."

பிளாட்பாரத்தில் நின்றேன். வடக்கிலிருந்து வண்டி வரும், ஜனங்கள் இறங்குவார்கள், அவள் இருக்கமாட்டாள். திரும்பவும் ஒரு வண்டி... வேறு ஊரில் தேடுவதா, இங்கேயே நிற்பதா என்று கால் ஒரு பக்கமும் மனசு ஒரு பக்கமும் இழுத்தன.

வெளிச்சம் குறையும் நேரத்தில் இறங்கினாள். காலில் செருப்பு இல்லை. மகள் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"எங்க போன?"

"தெர்ல. அல்லாரும் ஏறுனாங்கோ, ஏறுனேன். மீஞ்சூர்ல எறங்குனாங்கோ, எறங்குனேன்." குழந்தையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டாள். "நீ எந்தப் பக்கம் ஓடினேன்னு தெரியாம, எந்த வண்டில திரும்பி வர்றதுன்னு தெர்லய்யா..." என்று சொல்லி உடைந்து அழுதாள்.

ஸ்டேஷன் வாசலில் காத்திருந்த பாஷா எங்களைப் பார்த்ததும் ஆட்டோவை ஸ்டார்ட் செய்தார்.

மீனுக்கு ஐஸ் செய்யும் சின்ன கம்பெனி ஒன்றில் குழாய் விட்டுப்போய் அம்மோனியா கசிந்திருக்கிறது. ஒத்திகைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. கண் எரிச்சல், மூச்சுத்திணறல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் எல்லோரும் நல்லபடியாக வீடு திரும்பினார்கள். எங்கள் மேப்பில் பெரிய ஃபேக்டரிகளைச் சுற்றியெல்லாம் சிவப்பு வட்டம் இருந்தது. ஐஸ் கம்பெனி அதில் இல்லவே இல்லை.

மறுபடி அதே ஹாலில் மீட்டிங். ஜனங்கள் எதிர்பார்த்ததைவிட அதிகமாகத் திரண்டு வந்தார்கள், ஒத்திகை வெற்றி என்று எல்லாத் துறையும் சொன்னது. எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். எதற்கு என்று புரியவில்லை.

இப்போது காலம் மாறிவிட்டது. ஆபத்து என்றால் கையிலிருக்கும் போனே அலறுகிறது. பிலோமினா எங்கே போனாலும் மேப்பில் ஒரு புள்ளியாகத் தெரிகிறாள். அந்தப் பிளாட்பாரத்தில் தவித்த எனக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி...

ஆனாலும் சில நாள் அந்தப் புள்ளி காசிமேட்டுப் பக்கம் நகராமல் நின்றால் மனசு குழம்பிவிடுகிறது. போன் போட்டுவிடுகிறேன்.

"இன்னாய்யா, ஒரு வஞ்சிரம் பேரம் பேச வுடமாட்டியா?" என்று கத்துகிறாள். பின்னால் மார்க்கெட் இரைச்சல்.

போனை வைக்கச் சொல்கிறாள். நான்தான் இன்னும் கொஞ்ச நேரம் அந்த இரைச்சலில் அவள் குரலைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.