ஜனவரிக் குஸ்தியில் தோற்கிறவர்

குருநாதன் நெற்றியில் திருநீறு இல்லாமல் அபர்டீன் பஜாருக்கு வந்து யாரும் பார்த்ததில்லை. பக்திமான் என்று நினைத்தவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். அந்தப் பட்டைக்கு அடியில் ஒன்பது பிளேடுத் தழும்புகள் இருந்தன. வருஷத்துக்கு ஒன்று.

அந்தக் கணக்கு 1959-இல் ஆரம்பித்தது. மரக் காண்ட்ராக்டர் பக்தவத்சலம் மெட்ராஸில் டிக்கெட் குஸ்தி பார்த்துவிட்டுக் கப்பலில் திரும்பினார். அந்த ஜனவரியின் கடைசி ஞாயிறு, சாயங்காலம் நாலு மணிக்கு, தகரம் அடைத்த மைதானத்தில் போர்ட் பிளேருக்கும் ஒரு டிக்கெட் குஸ்தி வந்துவிட்டது. அதிலிருந்து வருஷம் தவறவில்லை. தீவில் வேறு என்னதான் இருந்தது? கப்பல் வந்தால் கடுதாசி, வராவிட்டால் மழை. குஸ்தி என்றதும் வங்காளி, தெலுங்கன், மலையாளி, நம்மவன் எல்லோரும் வரிசையில் நின்றார்கள். டிக்கெட் எடுக்காத புண்ணியவான்கள் மேட்டிலிருந்த மரங்களில் ஏறிக்கொண்டார்கள்.

யார் ஜெயிப்பது என்பது டெலானிபூரில் பக்தவத்சலத்தின் வீட்டில் பொங்கல் முடிந்த மறுநாளே முடிவாகிவிடும். எப்போதும் ராம்சரண்தான். படகு கட்டும் மிஸ்திரி. கைதியாக வந்த தாத்தாவின் பேரன், தீவிலேயே பிறந்தவர், ஹிந்திக்காரர். கூட்டம் அவரைத் தலையில் வைத்துக்கொண்டு ஆடியது. ராமநாதபுரத்திலிருந்து ரோடு போட வந்த மஜ்தூர் குருநாதன் தோற்க வேண்டியவர். முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு, கடிக்க வேண்டிய இடத்தில் கடித்து, கடைசியில் மண்ணைக் கவ்வ வேண்டும்.

முடிவுதான் பொய். அடி பொய்யில்லை. பலகைமேல் மரத்தூள் கொட்டித் தார்ப்பாய் விரித்த மேடை, சுற்றிலும் கப்பல் வடம். அந்த வடத்தில் முதுகு உரசினால் தோல் அதோடு போகும். ரத்தம் வராவிட்டால் ஜனம் ஏமாற்றிவிட்டான் என்று கத்தும். அதனால் விரலில் பிளாஸ்திரி போட்டு மறைத்த பிளேடுத் துண்டால் குருநாதன் தன் நெற்றியைத் தானே கீறிக்கொள்வார். இதையெல்லாம் கண்டுபிடித்தவனை அந்த வடத்திலேயே கட்டி வைத்து உதைத்திருக்க வேண்டும்.

முதல் வருஷமே ராம்சரண் ஓர் ஏற்பாடு செய்தார். கையை முறுக்கிப் பிடித்தால் அடியில் கிடக்கிறவன் "சோட், சோட்" என்று அலற வேண்டும். விடு, விடு என்று அர்த்தம். அது ஜனத்துக்கான நடிப்பு, காதில் போட்டுக்கொள்ளக் கூடாது. நிஜமாகவே தாங்கவில்லை என்றால் அதற்கு வேறொரு சொல் வேண்டும். உன் பாஷையில் ஒன்று கொடு என்று கேட்டார். குருநாதன் "போதும்" என்றார். ராம்சரண் நாலு தரம் சொல்லிப் பார்த்தார். அவர் வாயில் அது "போதூம்" என்றுதான் வந்தது. ஒன்பது வருஷம் அந்தச் சொல் பழுதில்லாமல் வேலை செய்தது. 1963-இல் தோள் மூட்டு நழுவியபோது குருநாதன் பல்லைக் கடித்துக்கொண்டு "போதும்" என்றார். அந்த நொடியே பிடி விட்டது.

குருநாதனின் மனைவி முத்துமணி ஒரு தடவைகூட அந்தத் தகரத்துக்கு உள்ளே போனதில்லை. மஞ்சள் அரைத்துப் பத்துப்போடுவதோடு சரி. ஒன்பதாவது வருஷம் பத்துப்போட்டுக்கொண்டே கேட்டாள்.

"வருசா வருசம் ஒடம்பு வீங்கித்தேன் வாறீக. ஒரு வருசமாச்சும் செயிச்சா என்னவாம்? நானும் வந்து கண்ணால பாப்பேன்ல."

அது அவருக்குத் தைத்துவிட்டது. பக்தவத்சலத்திடம் போய்க் கேட்டார். "ஏன்யா, ஜனம் என் தகரத்தைப் பிரிச்சிடும்யா" என்று அவர் கையை விரித்தார். பக்கத்தில் நின்ற ராம்சரண்தான் குறுக்கே விழுந்தார்.

"இஸ் சால் யே ஜீதேகா. நஹீ தோ மை நஹீ லடூங்கா."

இந்த வருஷம் இவன் ஜெயிப்பான், இல்லையென்றால் நான் இறங்கமாட்டேன் என்று அவர் சொன்னதற்குப் பிறகு காண்ட்ராக்டர் ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று.

1968. இந்த முறை பிளேடு ராம்சரணுக்கு, கடைசிக் கைப்பூட்டு குருநாதனுக்கு என்று இருவரும் எல்லாவற்றையும் பேசினார்கள். அந்தச் சொல்லைப் பற்றி மட்டும் பேசவில்லை. ஒன்பது வருஷப் பழக்கத்தில் பேச என்ன இருக்கிறது?

ராம்சரணுக்குப் பிளேடு பழக்கமில்லை. ஆழமாக இறங்கிவிட்டது. ரத்தம் கண்ணை மறைத்தது, அவர் குப்புற விழுந்தார், விழுந்த இடத்தில் தார்ப்பாய்க்கு அடியில் பலகை உடைந்து வலது முழங்கை இடுக்கில் மாட்டிக்கொண்டது. அது தெரியாமல் குருநாதன் முதுகில் ஏறி அந்தக் கையைப் பிடித்து முறுக்கினார்.

"சோட்! குருநாத், சோட்! சோட்!"

இத்தனை வருஷத்தில் இவ்வளவு அருமையாக யாரும் அலறியதில்லை என்று அவருக்குச் சந்தோஷமாக இருந்தது. கூட்டத்தில் முத்துமணி எழுந்து நிற்பது தெரிந்தது. இன்னும் கொஞ்சம் முறுக்கினார். "போதும்" வரவில்லை. இன்னும் கொஞ்சம். காய்ந்த மூங்கிலை மிதித்த மாதிரி ஒரு சத்தம் கேட்டது. கீழே அலறல் நின்றுவிட்டது.

ஜனம் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டது. இறக்குங்கடா என்று அவர் கத்தியது யார் காதிலும் ஏறவில்லை. அந்த உயரத்திலிருந்துதான் ராம்சரணின் கை திரும்பக் கூடாத பக்கம் திரும்பிக் கிடப்பதைப் பார்த்தார். முத்துமணி கைதட்டிக்கொண்டிருந்தாள், பாவம்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் ராம்சரண் அவரைத் திட்டவில்லை. "யாத் நஹீ ஆயா" என்று மட்டும் சொன்னார். ஞாபகம் வரவில்லையாம். எப்படி வரும்? உயிர் போகிற வலியில் தாய் பாஷைதான் வாயில் வரும். குருநாதன் ஒன்பது வருஷம் சரியாகச் சொன்னது சாமர்த்தியத்தால் இல்லை, அது அவர் அம்மா பேசிய சொல் என்பதால். இது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. தலையில் தலையில் அடித்துக்கொண்டு அழுதார்.

அந்தக் கை பிறகு நிமிரவே இல்லை. மரம் செதுக்கும் வாச்சியைப் பிடிக்க முடியாத மிஸ்திரிக்கு யார் படகு கொடுப்பார்கள்? ரோட்டு வேலை முடிந்ததும் குருநாதன் நேரே படகுப் பட்டறைக்குப் போனார். ராம்சரண் இடது கையால் கோடு காட்டுவார், இவர் செதுக்குவார். தினமும் இருட்டும் வரை. முதல் படகு கோணலாக வந்தது. இரண்டாவது பரவாயில்லை.

பக்தவத்சலத்துக்கோ வாயெல்லாம் பல். 1969 ஜனவரியில் பஜார் முழுக்க 'எலும்பு முறிக்கும் குருநாதன்' என்று நோட்டீஸ். எதிரே மெயின்லாண்டிலிருந்து வரவழைத்த பஞ்சாபிப் பயில்வான். ராம்சரணின் கோணல் கை எல்லோருக்கும் தெரியும்படி முன்வரிசையில் ஒரு நாற்காலி போட்டு அவரையும் உட்கார வைத்தார், மகானுபாவர்.

குருநாதன் மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொண்டதற்குக் காரணம் வேறு. அது முத்துமணிக்கும் தெரியாது. பஞ்சாபி நேர்மையானவன். "சோட் போல்னா, சோட் தூங்கா" என்று முன்னாலேயே சொல்லியிருந்தான். விடு என்றால் விட்டுவிடுவேன் என்று வாக்கு.

மேடையில் குருநாதன் ஜெயிக்க முயலவில்லை. முகத்தில் விழுந்த குத்துகளை வாங்கிக்கொண்டார். ஒரு பல் தெறித்தது. பிறகு தானாகக் குப்புற விழுந்து வலது கையைப் பின்னால் கொடுத்தார். பஞ்சாபி முறுக்கினான். குருநாதன் வாயைத் திறக்கவில்லை. "போல்!" சொல்லிவிடு என்று அவன் இவர் காதில் சீறினான். இவர் மாட்டேன் என்று தலையை ஆட்டினார். கடித்த உதட்டிலிருந்து ரத்தம் தார்ப்பாயில் சொட்டியது. அவமானப்படுத்துகிறான் என்று பஞ்சாபிக்கு வெறி ஏறிவிட்டது. முழங்காலை முதுகில் ஊன்றி முழு பலத்தையும் கொடுத்தான். மூட்டு நெறிந்தது.

முன்வரிசையில் ராம்சரணுக்குப் புரிந்துவிட்டது. நாற்காலியை உதைத்துத் தள்ளிவிட்டு வந்து இடது கையால் வடத்தைப் பிடித்துக்கொண்டு கத்தினார்.

"போதூம்! குருநாத், போதூம்!"

போன வருஷம் வராத சொல். குருநாதன் கண்ணை மூடினார்.

"சோட், பாய், சோட்" என்றார்.

பஞ்சாபி கையை விட்டான்.

எலும்பு முறியாததற்காக ஜனம் கொதித்துப் போனது. நாற்காலிகள் பறந்தன, தகரத்தைப் பிடுங்கினார்கள், பஞ்சாபியின் மண்டை உடைந்தது, பக்தவத்சலம் வேட்டி கிழிய ஓடினார். அதற்குப் பிறகு அந்த ஊரில் ஜனவரிக் குஸ்தி நடக்கவில்லை.

அந்த அமளியில் இருவரும் மேடைக்கு அடியில் பதுங்கிக் கிடந்தார்கள். ராம்சரண் இடது கையால் குருநாதனின் கன்னத்தில் ஓங்கி அறைந்தார்.

"பாகல்! தேரா ஹாத் பீ கயா தோ மேரா காம் கௌன் கரேகா?"

பைத்தியக்காரா, உன் கையும் போய்விட்டால் என் வேலையை யார் செய்வது என்று கேட்டார். குருநாதன் வீங்கிய கையை மெல்ல மடக்கி நீட்டிப் பார்த்தார். நீண்டது.

மறுநாள் சாயங்காலம் பட்டறையில் வாச்சிச் சத்தம் கேட்டது.